ஆறு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது

பக்கத்து வீட்டுப் பெரியப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த மார்கழியில், வடக்கே வேலை செய்த அவருடைய ஒரே மகனுக்கு லீவு கேட்டு இங்கிலீஷில் கடிதம் அடித்துக் கொடுத்தவள் நான். லீவு கிடைக்கவில்லை. வருஷங்கள் எத்தனையோ ஓடிவிட்டன. இன்றைக்கும் யாராவது 'ஹெக்டிக்' என்று சொன்னால் என்னால் அங்கே உட்கார முடிவதில்லை. பின்னாளில் என்னோடு ஆபீஸில் இருந்த பெண்கள் வாரத்துக்கு நாலு தடவை அந்த வார்த்தையைச் சொல்வார்கள். டீ குடித்துக்கொண்டே சொல்வார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் காலையில் டவுன் பஸ் பிடித்து உத்திரமேரூர் போவேன். அங்கே இரும்புச் சாமான் விற்கும் ஒரு பாய் கடைக்கு மேலே, மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஏழு மிஷின். ஹையர் பரீட்சை பாஸ் பண்ணிய கையோடு அங்கேயே சொல்லித்தரும் வேலையும் கிடைத்துவிட்டது. ஊரில் எல்லோரும் என்னை 'டைப்பு' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். "டைப்பு வருது, வழி வுடு" என்பார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

டைப்ரைட்டிங் தெரிந்தால் இங்கிலீஷ் தெரியும் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் யாரிடமும் சொல்லவில்லை. நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்று விரல் ஓடுமே தவிர, பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரு நோட்டு வைத்திருந்தேன். பாய் கடையில் ஆணி பொட்டலம் கட்டும் இங்கிலீஷ் பேப்பரை வாங்கி, புது வார்த்தைகளை எடுத்து எழுதி, பக்கத்தில் அகராதியைப் பார்த்துத் தமிழ் அர்த்தம் போடுவேன். ஒருநாள் 'ஹெக்டிக்', 'ஃப்ரான்டிக்' இரண்டும் ஒரே பக்கத்தில் கிடைத்தன. என் அகராதி இரண்டுக்கும் 'பரபரப்பான' என்றே போட்டிருந்தது. ஒன்றைப் படித்தால் ஒன்று இலவசம் என்று சந்தோஷமாக அடுத்தடுத்து எழுதிவைத்துக்கொண்டேன்.

நான் சொல்லப்போகும் மார்கழிக்கு முந்தின வருஷம், தை மாதம் அறுப்பு நேரத்தில்தான் என் இங்கிலீஷ் முதன்முதலாக ஊருக்குப் பயன்பட்டது. பெரியப்பாவுக்கு ஏரிக்குக் கீழே நல்ல நிலம். அந்த வருஷம் எல்லா வயலும் ஒன்றாக முற்றி நின்றது. ஆள் கிடைக்கவில்லை. மகனோ வடக்கே எங்கேயோ ஒரு பெரிய அணைக்கட்டு வேலையில் வெல்டர். அங்கிருந்த மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. சாதாரணமாக லீவும் தரமாட்டார்.

"எனக்கு சீரியஸ்னு தந்தி அடிச்சி வுடு. ஓடியாந்துடுவான்" என்றார் பெரியப்பா.

"உக்கும். இந்த ஒடம்பப் பாத்தா சீரியஸ் மாரியா கீது?" என்று பெரியம்மா சிரித்தாள்.

அந்தக் காலத்தில் இது ஒன்றும் புதிதில்லை. வெளியூரில் பிள்ளை வேலை செய்யும் வீடுகளில் கல்யாணம், நடவு, அறுப்பு எது வந்தாலும் அப்பாவோ அம்மாவோ 'சீரியஸ்' ஆகிவிடுவார்கள். பெரியப்பா தானும் வருகிறேன் என்று என்கூடவே பஸ் ஏறி தபால் ஆபீசுக்கு வந்தார். காலில் சேறு, காதில் பாதி பீடி. நான் தந்திப் பாரத்தில் நாலு வார்த்தை எழுதினேன்: ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி. கவுன்டரில் இருந்தவர் படித்துவிட்டு, "யாருக்கும்மா சீரியஸ்?" என்று கேட்டார்.

"எனக்குத்தாங்க" என்றார் பெரியப்பா, பீடியைக் காதிலிருந்து எடுத்தபடி.

கவுன்டர்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார்.

ஐந்தாம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமாக வந்தவர், களத்தில் நெற்கட்டு அடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு நின்றார். "இன்னா நைனா இது, பேஜாரு! மூணு நாளா ரயில்ல சோறு தண்ணி எறங்கல எனக்கு!" என்று கத்தினார். பெரியப்பா கட்டை ஓங்கி அடித்துவிட்டு, "வந்துட்ட இல்ல? அருவா அங்க கீது பாரு" என்றார். களமே சிரித்தது. அண்ணனும் சிரித்துவிட்டார். எல்லோரையும் விட அதிகம் சிரித்தது நான். நாலு வார்த்தையில் அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஆளை வரவைத்த பெருமை.

அந்தப் பத்து நாளும் பெரியம்மாவைப் பார்க்கவேண்டுமே. விடிவதற்குள் அறுப்பு ஆட்களுக்குக் கூழ் காய்ச்சி, தலையில் தூக்கி வயலுக்குப் போய், அங்கே இரண்டு பேரைத் திட்டி, திரும்பி வந்து நெல் தூற்றி, இடையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, என்னைக் கண்டால் நின்று ஒரு கிண்டல் பண்ணிவிட்டுத்தான் போவாள். ஒரு வேலை முடிந்த இடத்தில் அடுத்த வேலை கை நீட்டி நிற்கும். அவளும் அதை எதிர்பார்த்து நிற்பாள். லீவு முடிந்து கிளம்பும்போது அண்ணன் என்னிடம் வந்து, "நைனா பொழச்சிக்கினாருன்னு மேனேஜர் கிட்ட சொல்லணும். அதுக்கும் ஒரு இங்கிலீஷ் வார்த்த குடு" என்றார். குடுத்து அனுப்பினேன்.

அடுத்த வருஷம் தீபாவளி கழிந்து பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளாயிற்று. வயிறு ஊதியது, கை கால் சூம்பியது. காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கே அழைத்துப் போங்கள், பார்க்கவேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அதை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாட்டு வண்டியிலிருந்து அவரை இறக்கியதைப் பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பெரியம்மா எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஒரு கடுதாசி எழுதணும்மா. அவனோட மேனேஜருக்கு. இங்கிலீஷ்ல."

"கடுதாசி போய்ச் சேர நாளாவும் பெரிம்மா. தந்தியே அடிச்சிடலாம். சீரியஸ்னு..."

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "அந்த வார்த்தய சொல்லாத! போன வருசம் பொய்யா அடிச்சோம். அது மெய்யாவே வந்து வூட்டுல உக்காந்துகினு கீது. இன்னொரு தபா அந்த வார்த்தய எழுதினா என் தாலி நிக்காதும்மா."

போன வருஷம் நாங்கள் சிரித்துச் சிரித்து எழுதிய தந்தியை இவள் இத்தனை நாளாக மடியில் நெருப்பாகக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"பின்ன இன்னான்னு எழுதறது?"

"வேலைன்னு எழுது. அறுப்பு நிக்குது, ஆளு கெடைக்கல, வூட்டுல தலைக்கு மேல வேல கீது, ஒரே புள்ள, பத்து நாளு அனுப்புங்கன்னு எழுது. ஒடம்பு கிடம்புன்னு ஒரு எழுத்து அதுல வரக்கூடாது. சத்தியம் பண்ணு."

"அண்ணனுக்காவது தமிழ்ல உண்மைய எழுதிடலாமே?"

"வாணாம். மூணு நாளு ரயில்ல தனியா வரணும் அவன். வழியில பதறிப் பூடுவான். வந்து பாத்துக்கட்டும்."

சத்தியம் பண்ணினேன். அவள் கேட்ட விதத்தில் யாராக இருந்தாலும் பண்ணியிருப்பார்கள்.

இவ்வளவும் பேசும்போது அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்கள் அம்மா அப்போதுதான் பெருக்கி முடித்த வாசலை, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து மறுபடி பெருக்கினாள். பாதியில் அதைப் போட்டுவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் நாலு அடி போனாள், திரும்பி வந்தாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றாள். "சாப்ட்டியா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி "சாப்ட்டியா?" என்றாள். போகும்போது, என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

இதையெல்லாம் என் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் தெரியுமா? எந்த இங்கிலீஷ் வார்த்தையை எங்கே போடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

இன்ஸ்டிடியூட்டுக்குப் போகுமுன் கீழே பாய் கடையில் நல்ல வெள்ளைக் காகிதமும் கவரும் வாங்கினேன். யாருக்குக் கடிதம் என்று பாய் கேட்டார். சொன்னேன். அவருக்குப் பெரியப்பாவைத் தெரியும். கலப்பைக் கொழு வாங்க அங்கேதான் வருவார்.

"தந்தி அடிம்மா. வேலைன்னு எழுதினா எவன் லீவு குடுப்பான்? வேல யாருக்குத்தான் இல்ல?" என்றார் பாய்.

"சத்தியம் பண்ணிட்டேன் பாய்" என்றேன்.

அது பாதி உண்மை. மீதியை இப்போது சொல்லிவிடுகிறேன். தந்தி என்றால் நாலே வார்த்தை. கடிதம் என்றால் ஒரு முழுப் பக்கம். வடக்கே ஒரு பெரிய மேனேஜர் என் இங்கிலீஷைப் படிக்கப்போகிறார். எனக்கு அந்தப் பக்கம் வேண்டியிருந்தது.

முதலில் கையால் ஒரு நகல் எழுதினேன். அதில் 'எங்கள் வீட்டு நிலைமை மிகவும் ஃப்ரான்டிக்காக இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் இருந்தது. தெரிந்து எழுதவில்லை. நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டில் அதுதான் முதலில் கைக்கு வந்தது. பிறகு மிஷினில் தாளைச் செருகி அடிக்க ஆரம்பித்தேன். டைப்ரைட்டரில் ஒவ்வொரு வரியும் முடியப்போகும்போது ஒரு மணி அடிக்கும். இன்னும் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது, வார்த்தையை முடி என்று அர்த்தம். கற்றுக்குட்டிகளின் தாளில் வலது ஓரம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். என் தாளில் அப்படி இருக்காது. அதற்காகவே எனக்குப் பெயர்.

அந்த வாக்கியத்தில் 'மிகவும்' என்பதற்கான வார்த்தை முடிந்ததும் மணி அடித்தது. எண்ணிப் பார்த்தேன். ஆறு எழுத்துக்குத்தான் இடம் இருந்தது. இங்கிலீஷில் ஃப்ரான்டிக்குக்கு ஏழு எழுத்து, ஹெக்டிக்குக்கு ஆறு. அர்த்தம் ஒன்றுதானே. யோசிக்கவே இல்லை. ஹெக்டிக் என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

தாளை உருவி எடுத்துப் பார்த்தேன். வலது ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் நேராக இருந்தது. அவ்வளவு திருப்தி எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. சாயங்காலம் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஒடம்பப் பத்தி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கைநாட்டு வைத்துவிட்டு, காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதினாலு நாள் போயிற்று. பெரியப்பா நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தார். நான் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்ததும் ஒரு நடை போய்ப் பார்ப்பேன். அவர் வேறெதுவும் கேட்கமாட்டார். "பதில் வந்துச்சா டைப்பு?" என்பார். ஒருநாள் பெரியம்மா வெளியே போயிருந்த நேரம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் மொகத்த ஒரு தபா பாத்துட்டா போதும்மா. அப்பால இன்னா வந்தாலும் சரி" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெரியம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று அவரும், அவருக்குத் தெரியக்கூடாது என்று பெரியம்மாவும் ஆளுக்கொரு பக்கம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பெரியம்மா ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் நீளமான கவர். "வந்துட்ச்சி. படி, எப்ப வர்றான்னு படி" என்றாள். நின்ற இடத்திலேயே பிரித்தேன்.

மேனேஜர் மிக மரியாதையாக எழுதியிருந்தார். இவ்வளவு அழகான கடிதம் ஒரு கிராமத்திலிருந்து வந்ததில் தனக்கு ஆச்சரியம் என்று ஆரம்பித்திருந்தார். அறுவடைக் காலத்தின் ஹெக்டிக் தனக்குப் புரிகிறது, தானும் விவசாயக் குடும்பம்தான், ஆனால் இங்கேயும் அணைவேலை அதேபோல ஹெக்டிக்காகத்தான் இருக்கிறது, எனவே மாசி கடைசியில் பதினைந்து நாள் அனுப்புகிறேன் என்று இருந்தது. என் வார்த்தையையே அவரும் இரண்டு தடவை போட்டிருந்தார். கடைசிப் பத்தியை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இங்கே வேலை செய்பவர்களின் வீட்டிலிருந்து 'அப்பாவுக்கு சீரியஸ்' என்று பொய்த் தந்திகள் வந்தவண்ணம் இருக்கின்றன, நீங்கள் அப்படிச் செய்யாமல் இருப்பதை இருக்கிறபடி எழுதினீர்கள், உங்கள் நேர்மையை மிகவும் மதிக்கிறேன் என்று முடித்திருந்தார்.

நேர்மை. அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் போய்விட்டது, ஜனம் போய்விட்டது. பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா போட்டுக் கீது?"

"அவங்களுக்கும் வேல ஜாஸ்தியாம் பெரிம்மா. மாசி கடைசியில அனுப்புறாராம்."

அவள் கவரை வாங்கி மடியில் செருகிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்குப் போனதும் பெரியப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். "அவனுக்கும் அங்க வேலயாம். மாசியில வர்றானாம்" என்றாள், சாதாரணக் குரலில். "வேல இருந்தா நல்லதுதான்" என்றார் அவர். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த இரண்டு வார்த்தையும் வேறு வேறு என்று உறைத்தது. எந்த அகராதியையும் பிரிக்கவில்லை. போன தை மாதம் நான் பார்த்த பெரியம்மா ஹெக்டிக். தலைக்கு மேல் வேலை, ஆனால் தலை அவளுடையது. திட்டுவதற்கும் சிரிப்பதற்கும் அதில் இடம் இருந்தது. கடிதம் கேட்டு வந்த காலையில் எங்கள் பெருக்கின வாசலைப் பெருக்கினாளே, அது ஃப்ரான்டிக். அவளுக்கு அங்கே வேலையே இல்லை. பயம் கையையும் காலையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ்காரன் வரைக்கும் போகவேண்டியதே இல்லை. 'தலைக்கு மேல வேல' என்று எழுதச் சொன்னாள், 'கையும் ஓடல காலும் ஓடல' என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். வித்தியாசத்தைத் தமிழிலேயே என் காதில் போட்டுவிட்டுத்தான் போயிருந்தாள். வியாதி என்று ஒரு எழுத்துகூட எழுதாமல், சத்தியத்தை மீறாமல், அந்த வீடு பயத்தில் துடிக்கிறது என்று அந்த மனிதருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. கையால் எழுதியும் இருந்தேன். ஓரம் நேராக வரவேண்டும் என்று அதை எடுத்துவிட்டேன். இப்போதும் இதை எழுதும்போது என்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை யாரையும் கேட்காமல் தபால் ஆபீசுக்குப் போனேன். அதே நாலு வார்த்தை. அதே கவுன்டர்காரர். படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த வருசமும் அறுப்புக்கா?" என்று சிரித்தார்.

"இல்லிங்க. மெய்யாலுமே."

"எல்லாரும் அதத்தாம்மா சொல்றாங்க" என்று முத்திரையைக் குத்தினார். அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். மீதிச் சில்லறையை வாங்காமலே வெளியே வந்தேன்.

சாயங்காலம் பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். "அடிச்சிட்டியா?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "நாளைக்கு அவன் கையில கெடைக்கும். நாளைக்கே ஏறினா சனிக்கெழம வந்துடுவான் இல்ல?"

"வந்துடுவார் பெரிம்மா."

சனிக்கிழமை பெரியப்பாவைச் சுவரில் தலையணை முட்டுக்கொடுத்துத் தெருவைப் பார்க்க உட்காரவைத்தார்கள். பேச்சு நின்றுவிட்டது, கண் மட்டும் வாசலில் இருந்தது. உத்திரமேரூரிலிருந்து ஒவ்வொரு பஸ் வரும்போதும் பெரியம்மா தெருமுனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவர் கண்ணைப் பார்த்து, "அடுத்த பஸ்ல வந்துடுவான்" என்பாள். கடைசி பஸ்ஸும் வந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடியலில், கண் வாசலைப் பார்த்தபடியே அவர் போய்விட்டார்.

மகனுக்காகப் பொழுது சாயும்வரை வைத்திருந்தார்கள். வடக்கே இன்னொரு தந்தி போயிற்று. ஆள் ரயிலில் இருக்கிறாரா, இன்னும் அங்கேயே இருக்கிறாரா, யாருக்கும் தெரியாது. அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அண்ணனுடைய சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

திங்கட்கிழமை காலையில் பெரியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் குரல் முழுக்கப் போயிருந்தது. "நீ போயி ஸ்டாப்புல நில்லு. இன்னிக்கி வருவான். வழியில ஒண்ணும் சொல்லிடாத. வூட்டுக்கு வந்து பாத்துக்கட்டும்" என்றாள்.

சரியென்று தலையாட்டவில்லை. போய் நின்றேன்.

இரண்டாவது பஸ்ஸில் அண்ணன் இறங்கினார். தோளில் பெரிய பை, கையில் காகிதம் சுற்றிய ஒரு கம்பளி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா டைப்பு! இந்த வருசமும் நைனா சீரியஸா? கடுதாசி பலிக்கலன்ன ஒடனே தந்தியா? உன் இங்கிலீஷு சூப்பரா கீதுன்னு மேனேஜரு எல்லார் கிட்டயும் காட்டிக்கினு கீறாரு. இன்னும் எத்தினி கட்டு பாக்கி கீது? இரு, இந்தக் கம்பளிய நைனா மூஞ்சியில வீசிட்டு அப்பால அருவாள எடுக்கறேன்."

"அண்ணா" என்றேன். "நேத்து."

"நேத்து இன்னா?"

"நேத்து காலைல பெரிப்பா பூட்டாரு."

"உடு டைப்பு. ஒரு தபா ஏமாத்தினா போதாதா?" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினார். நான் அழுவதைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தபடி ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"கொள்ளி யாரு வச்சது?"

"உன் சித்தப்பா புள்ள. பொழுது சாயற வரைக்கும் உனக்காகப் பாத்தாங்க ண்ணா. சனிக்கெழமயெல்லாம் பெரிப்பா வாசலயே பாத்துக்கினு இருந்தாரு."

அவர் பையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்தார். மேனேஜர் விடவில்லையா என்று கேட்டேன். அவரைத் திட்டுவதற்கு நான் தயாராக இருந்தேன். பதில் வந்த நாளிலிருந்து அந்த ஒரு வாரமும் என்னையும் அந்த மனிதரையும்தான் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அவரா? தந்தி வந்த அன்னிக்கே கூப்ட்டு, ஒடனே ரயில் ஏறுன்னு சொன்னாரு. துட்டுகூட எடுத்துக் குடுத்தாரு" என்றார் அண்ணன். "நான்தான் சிரிச்சேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், எங்க ஊருல அறுப்புக்கு இப்டித்தான் அடிப்பாங்க, கடுதாசியிலதான் மெய்ய எழுதிட்டாங்களேன்னேன். ரெண்டு நாளு வேலய முடிச்சிக் குடுத்துட்டு சாவகாசமா ஏறினேன்."

அதைச் சொல்லும்போதும், பஸ்ஸை விட்டு இறங்கியபோது இருந்த அந்தச் சிரிப்பு அவர் முகத்தை விட்டு முழுதாகப் போயிருக்கவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.